அகஸ்டாவிலிருந்து அப்பாவுக்கு ஒரு போன்

ஜனவரி மாதமே பக்கத்து வீட்டம்மா கேட்டுவிட்டார், "ஏப்ரல் இரண்டாவது வாரம் எங்கே போகிறீர்கள்?" எங்கேயும் இல்லை, வீட்டில்தான் என்றதும் அவர் முகத்தில் வந்த பரிதாபத்தைப் பார்க்க வேண்டுமே! கையில் காசில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்.

அது மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கும் வாரம். உலகத்தின் பெரிய கோல்ஃப் ஆட்டக்காரர்கள் எல்லாம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் எங்கள் அகஸ்டாவுக்கு வந்து இறங்கும்போது, அகஸ்டாவில் குடியிருப்பவர்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். பள்ளிகளுக்கு வசந்த விடுமுறையும் அந்த வாரம்தான். வருஷத்தில் 14 நாளுக்கு மேற்படாமல் குடியிருக்கும் வீட்டை வாடகைக்கு விட்டால் மத்திய வருமான வரி கிடையாது. அந்தச் சலுகைக்கு அமெரிக்கா முழுக்க 'அகஸ்டா விதி' என்றே பெயர். எங்கள் திருமங்கலம் பக்கமோ, திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ராத்தங்கலுக்கு வெளியூர் போகக்கூடாது என்பார்கள். அம்மா அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அப்படித்தான் போகாமல் இருந்தார். அத்தை இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

நான் இந்த ஊரில் காலூன்றிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அடித்து, தெருவெல்லாம் மரம் சாய்ந்து, கரண்டு இல்லாமல் கிடந்தபோது அதே பக்கத்து வீட்டம்மாவுக்கு கேஸ் அடுப்பில் உப்புமா கிண்டிக் கொடுத்தவள் நான். அதற்குப் பிறகும் ஊரை விட்டுப் போகத் தெரியாதவள் என்றால் கோபம் வராதா? சரி, இந்த முறை உள்ளே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மூத்த அம்மா ஒருவரின் குடும்பத்தில் நெடுங்காலமாக நுழைவு பேட்ஜ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு, அதாவது 2025 ஏப்ரல் 13-க்கு, ஒன்றை இரவல் கொடுத்தார். பத்திரம், பத்திரம் என்று நகையை இரவல் கொடுப்பதுபோல் சொல்லித்தான் கொடுத்தார்.

உள்ளே சட்டதிட்டங்கள் ஏராளம். ஓடக்கூடாது. செல்போன் கூடவே கூடாது, பிடிபட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆனால் காலையில் நாற்காலியைப் போட்டுவிட்டு எங்கு வேண்டுமானாலும் சுற்றலாம், அந்த இடம் நமக்குத்தான். மாட்டுத்தாவணியில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை எறிந்து சீட்டுப் பிடித்து, ஏறிப் பார்த்தால் அதன் மேலேயே ஒருவர் உட்கார்ந்திருக்கும் வாழ்க்கை வாழ்ந்த எனக்கு இதை நம்பவே முடியவில்லை. மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்த்தேன். இருந்தது.

அப்புறம்தான் அந்தப் போன்களைப் பார்த்தேன். செல்போனைத் தடுத்துவிட்டோமே என்று வரிசையாகத் தொலைபேசி வைத்திருக்கிறார்கள். கம்பி வைத்த, காதில் கனமாக உட்காரும் பழைய போன். உலகத்தில் எங்கு வேண்டுமானாலும் இலவசமாகப் பேசலாமாம். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே எண், அப்பாவின் 9443-இல் ஆரம்பிக்கும் பிஎஸ்என்எல். என் கணவர் நம்பர்கூட எனக்குத் தெரியாது. (தெரிந்தபோது அவர் சிரிக்கவில்லை.) அப்பாவின் எண் நெஞ்சில் பதிந்தது கோவை விடுதி வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்தில். கட்டணம் குறையும் வரை காத்திருந்து, கண்ணாடிக் கூண்டுக்குள் போய் நின்றால், தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். "சாப்பிட்டியா?" முடிவதற்குள் ஒரு ரூபாய் ஏறிவிடும். மீதிச் சில்லறைக்குப் பதில் பூத்துக்கார அண்ணன் புளிப்பு மிட்டாய்தான் தருவார்.

இங்கே மீட்டர் இல்லை. அங்கே ராத்திரி எட்டரை. மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்.

"யாரு?"

"அப்பா, நான்தாம்பா. அமெரிக்காவிலேர்ந்து."

"எங்க வீட்ல யாரும் எந்தப் பார்சலும் அனுப்பலைங்க" என்று வைத்துவிட்டார்.

உங்கள் பார்சல் பிடிபட்டது என்று போனில் மிரட்டிப் பணம் பறிக்கும் டிஜிட்டல் அரெஸ்ட் மோசடிகளைப் பற்றி ஜாக்கிரதை, ஜாக்கிரதை என்று வாட்ஸ்அப்பில் அனுப்பித் தள்ளியது நான்தானே. அடுத்த முறை அவர் வாயைத் திறக்கும் முன் குலசாமி பெயரையும், அம்மா முழங்காலுக்குத் தடவும் தைலத்தின் பெயரையும் சொன்னேன். பிறகு பேச்சு நின்றால்தானே! தென்னைக்கு வெள்ளை ஈ வந்தது, எதிர்வீட்டுப் பையனுக்குப் பெண் பார்ப்பது, எல்லாம் வந்தது. பின்னால் யாரும் அவசரப்படுத்தவில்லை. காசு ஏறாத போனில் அப்பாவோடு இவ்வளவு நேரம் பேசியதே இல்லை என்று தோன்றியது. வாட்ஸ்அப்பும் இலவசம்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஆட்டத்துக்கு வருகிறேன். வட அயர்லாந்தின் ரோரி மெக்கில்ராய் 2 ஸ்ட்ரோக், அதாவது 2 அடி, முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கினார். கோல்ஃபில் குறைவாக அடிப்பவர்தான் ஜெயிப்பார். இதே மைதானத்தில் 2011-இல் 4 ஸ்ட்ரோக் முன்னிலையை வைத்துக்கொண்டு 80 அடித்துத் தொலைத்தவர். 2014-க்குப் பிறகு 'மேஜர்' என்கிற நான்கு பெரிய பட்டங்களில் எதுவும் இல்லை. போன் இல்லாத இடத்தில் செய்தி வருவது இரண்டே வழியில். தூரத்தில் எழும் கூச்சல் ஒன்று, ஆட்களே கையால் எண் மாற்றும் பலகை இன்னொன்று. ரோரியின் பேருக்கு நேரே சிவப்பு 13 இருந்தது, நிர்ணயித்த அடிகளைவிட 13 குறைவு என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டு 11-ஐ மாட்டினார்கள். கூட்டம் மொத்தமும் 'ஐயோ' என்றது, அவரவர் மொழியில். 13-ஆவது குழியில் பந்தை ஓடைக்குள் விட்டிருக்கிறார்.

அன்று 66 அடித்த ஜஸ்டின் ரோஸும் அவரும் 11 அண்டரில், அதாவது 11 அடி குறைவில், சமமாக முடித்தார்கள். கடைசிக் குழியில், பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் சிறு பட் ஒன்றை ரோரி தவறவிட்டதால் வந்த வினை. சமன் ஆனால் வெற்றியாளரை முடிவுசெய்யும் பிளேஆஃபில் அதே 18-ஆவது குழி. ரோரி பர்டி அடித்து, அதாவது நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவாக முடித்து, முழந்தாளிட்டு அழுதார். நான்கு பெரிய பட்டங்களையும் வென்ற ஆறாவது ஆள். ரோஸ் 2017-இலும் இதே பிளேஆஃபில்தான் தோற்றார். எனக்கென்னவோ மனசு அவரிடமே நின்றது.

மறுநாள் அப்பாவே கூப்பிட்டார், இந்த முறை வாட்ஸ்அப்பில். "ஜெயிச்சவனுக்கு எவ்வளவும்மா?"

42 லட்சம் டாலர்ப்பா, நம்ம காசுக்கு 36 கோடி.

"ம்." அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. "நீ என்ன சாப்பிட்ட?"

பிமென்டோ என்கிற சிவப்புக் குடமிளகாய் கலந்த சீஸ் சாண்ட்விச், கறி கிடையாது, இந்த ஊரிலேயே அவ்வளவு மலிவாக எங்கேயும் கிடைக்காது, ஒன்றரை டாலர் என்று பெருமையாகச் சொன்னேன்.

"ரெண்டு ரொட்டித் துண்டுக்கு நூத்தி முப்பது ரூவாயா?" என்றவர், அம்மாவைக் கூப்பிட்டு அதைத் திரும்பவும் சொல்லச் சொன்னார்.