யூட்லாந்தில் ஒரு பண்ணைக்கூலியைத் தேடி

என் கணவரின் எள்ளுத்தாத்தா டென்மார்க்கின் யூட்லாந்தில் பண்ணைக்கூலியாக இருந்தவர். மாமியாருக்குத் தெரிந்தது பெயர் மட்டும்தான். தேசிய ஆவணக்காப்பகம் பழைய தேவாலயப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. சரி, சுலபமாகக் கிடைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

பெயர்தான் சுற்றவிட்டது. அந்தக் காலத்தில் அப்பா பெயரோடு ‘சென்’ சேர்த்துக்கொள்வார்கள். யென்ஸின் மகன் பீட்டர் யென்சென். பீட்டரின் மகனோ பீட்டர்சென். நம் இனிஷியல் மாதிரியேதான். நிலையான குடும்பப்பெயர் வேண்டும் என்று 1828இல் அரசு ஆணையிட்டும் கிராமங்கள் உடனே மாறவில்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் ஐந்து பேர்!

கைகொடுத்தது 1845 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பிறந்த இடத்தையும் முதன்முதலாகக் கேட்டது அதில்தான். எட்டு வயதுச் சிறுவனாக, வேறொருவர் பண்ணையில் இருந்தார். அதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது.

அப்புறம் அவர் பிறந்த ஊரின் பதிவேடு. புரியாத பழைய கையெழுத்தோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். ஓர் இரவு ஞானஸ்நான வரி ஒன்றில் அவர் பெயர், பக்கத்தில் அம்மாவின் பெயர். மாமியாரை எழுப்பிக் காட்டினேன். திரையில் விரல் வைத்து அந்தப் பெயரை இரண்டு முறை மெதுவாக வாசித்தார்.