மயில்தோகையில் ஒரு வெள்ளைக்கோடு

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அதற்கு மூன்று வாரம் இருந்தபோது, நான் கணினிகளைக் கவனித்துவந்த அச்சகத்தில் சர்வர் நின்றுபோனது. உள்ளே 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நான்கு. நான்கையும் ஒன்றாகக் கோத்து வைத்திருந்தது லினக்ஸின் மென்பொருள் ரெய்டு 5 என்ற ஏற்பாடு. ஒன்று போனால் மற்ற மூன்றை வைத்துக் கணக்குப் போட்டு அதிலிருந்ததை மீட்டுவிடும். இரண்டு போனால் கணக்கு உதைக்கும். போயிருந்தவை இரண்டு.

முதலாவது மார்ச்சிலேயே கழன்றிருக்கிறது. ரெய்டைக் கவனிக்கும் நிரலான எம்டிஆடம் அன்றே எச்சரிக்கை அனுப்பியிருந்தது, அதே சர்வரில் நிர்வாகிக்கென்று இருக்கும் ரூட் அஞ்சல்பெட்டிக்கு. அதை நான் ஒருநாளும் திறந்ததில்லை.

"தம்பி, ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாரேன்" என்றார் முதலாளி.

"அணைத்துப் போட்டால் தீருகிற வியாதி இல்லை, அண்ணாச்சி."

புதிதாக ரெய்டை உருவாக்கிவிடு என்று போனில் ஒரு நண்பர் சொன்னார். டிஸ்குகளின் வரிசையோ தரவு தொடங்கும் இடமோ ஒன்று பிசகினாலும், மிச்சமிருப்பதையும் நம் கையாலேயே அழித்துவிடுவோம். பாதி தட்டிய கட்டளையை அழித்தேன்.

ஒவ்வொரு டிஸ்கிலும் ஒரு நிகழ்வு எண் பதிந்திருக்கும்; ரெய்டின் நிலை மாற மாற அது ஏறும், கழன்ற டிஸ்கில் அப்படியே நின்றுவிடும். இரண்டில் 48,217. கடைசியாக விழுந்ததில் 48,209. எட்டுதான் வித்தியாசம், உயிர் வந்தது. மார்ச்சில் கழன்றதில் முப்பத்தோராயிரத்துச் சொச்சம். அது போன வருடக் காலண்டர், மாட்டினால் தேதி தப்பும்.

கடைசியாக விழுந்தது உண்மையில் செத்திருக்கவில்லை. சாதாரண மேசைக்கணினி டிஸ்க், கெட்ட இடம் ஒன்றைப் படிக்க நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் பொறுப்பது 30 விநாடி. பதில் வராததால் வெளியே தள்ளிவிட்டது. சர்வருக்கென்று விற்கும் டிஸ்குகள் ஏழு விநாடியில் கைவிரித்துவிடும். விலை குறைவு என்று சாதாரணத்தை வாங்கச் சொன்னவனும் நான்தான்.

பழுதான டிஸ்கிலிருந்து தரவை மீட்கும் டிடி ரெஸ்க்யூ என்ற நிரலில் அதைப் புதிய டிஸ்குக்கு நகலெடுத்தேன். தெரிந்த கேள்விகளை முதலில் எழுதிவிட்டுத் தெரியாததற்குத் திரும்பும் பிள்ளையைப்போல அது வேலை செய்யும். பெரும்பகுதி ஆறு மணி நேரத்தில் வந்துவிட்டது. மிச்சத்துக்கு இரண்டு இரவு. திரையில் எண் நகராது. டிஸ்க் மட்டும் டிக், டிக் என்று பல்லிபோல் சொல்லிக்கொண்டிருக்கும். நான் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பதே பெரும்பாடாக இருந்தது. அண்ணாச்சி வீட்டுக்குப் போகாமல் காகிதக்கட்டுகளின் மேல் படுத்துக்கொண்டார்.

கடைசியில் மீளாதது 72 கிலோபைட். நகலையும் நல்ல இரண்டையும் சேர்த்துக் கட்டாயப்படுத்தி இணைத்து, படிக்க மட்டும் என்று ஏற்றினேன். கோப்புறைகள் வரிசையாக வந்தன. முருகன், லட்சுமி, குழந்தைப்படங்கள்.

அந்த 72 கிலோபைட் எதற்குள் போனது என்பது பத்து நாள் கழித்துத் தெரிந்தது. வடிவமைப்பாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு முருகன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். மயில்தோகையின் குறுக்கே, மூன்றே புள்ளி உயரத்தில், மை படாத ஒரு வெள்ளைக்கோடு. பக்கத்து நிறத்தை இழுத்துப் பூசி ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்.