கொலையாளி ஐந்தாம் அத்தியாயத்திலேயே ஆடிவிடுகிறான்

கல்கியின் பொன்னியின் செல்வனை வரலாற்று நாவலாகப் படித்தவர்கள் ஏராளம். துப்பறியும் கதையாகப் படித்தவர்கள் குறைவு. அதன் நடுவில் ஒரு கொலை இருக்கிறது, அந்தக் கொலைக்கு நிஜமான கல்வெட்டுச் சாட்சி இருக்கிறது, கல்வெட்டில் குற்றவாளிகளின் பெயரும் இருக்கிறது. இந்த மூன்றும் ஒரே இடத்தில் அமைந்த கதை தமிழில் வேறு எது என்று யோசித்தால் சட்டென்று எதுவும் நினைவுக்கு வரவில்லை. (யார் சாகிறார் என்று இன்னும் தெரியாதவர்கள் நாவலை முடித்துவிட்டு வாருங்கள். கீழே எதையும் மறைக்கப்போவதில்லை.)

முதல் பாகத்தின் ஐந்தாம் அத்தியாயம் ‘குரவைக்கூத்து’. கடம்பூர் மாளிகையில் விருந்து. கூத்து முடிந்ததும் தேவராளனும் தேவராட்டியும் வந்து வெறியாட்டம் ஆடுகிறார்கள். தேவராளனுக்கு ஆவேசம் வருகிறது. பலி கேட்கிறான். கிடா போதாது, ஆயிரம் வருஷத்து அரச குல இரத்தம் வேண்டும் என்கிறான். முதல் வாசிப்பில் இதை எல்லோரும் ஊர்க் கோயில் சாமியாட்டமாக எடுத்துக்கொண்டு பக்கத்தைத் தள்ளிவிடுவோம். அடுத்த அத்தியாயத்திலேயே சிற்றரசர்களின் நள்ளிரவுக் கூட்டம் வந்துவிடுவதால், சதி என்றால் அதுதான் என்று மனசு அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் தேவராளனின் இயற்பெயர் பரமேச்சுவரன். அந்தப் பெயர் கல்லில் இருக்கிறது.

கல்வெட்டு இருப்பது காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில். சிதம்பரத்திலிருந்து சுமார் 25 கி.மீ. ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனை’, அதாவது சுந்தர சோழனின் மூத்த மகனும் இராசராசனின் அண்ணனுமான ஆதித்த கரிகாலனை, கொன்ற துரோகிகள் என்று அது நேரடியாகவே பெயர் சொல்கிறது: சோமன், தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன், உடன்பிறந்த மலையனூரான். போனது இவர்களுடைய சொத்து மட்டுமல்ல. மக்கள், மனைவியர், தாய்மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள் என்று உறவு முறை சொல்லிச் சொல்லி எல்லோருடைய நிலமும் சிக்குகிறது. ஒரு குடும்ப மரத்தையே வேரோடு பிடுங்கும் பட்டியல் அது. கல்லில் வெட்டியிருப்பது அரசன் அனுப்பிய ஓலையின் வாசகம். அது வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற அந்தணர் ஊரின் சபையாரை நோக்கியது.

இப்போது நாவலின் முதல் இரண்டு அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போங்கள். ஆடிப்பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரை, எழுபத்து நான்கு மதகுகள். அதைத் தாண்டி வந்தியத்தேவன் நுழையும் ஊர் வீரநாராயணபுரம். ஆழ்வார்க்கடியான் சைவரோடும் அத்வைதியோடும் மல்லுக்கு நிற்கும் அதே ஊர். அதாவது கொலையாளிகளின் நிலம் பறிமுதலான ஊரின் நடுவே நின்றுதான் கல்கி முதல் சிரிப்பை வரவழைக்கிறார். இது தற்செயல் என்று நம்ப முடியவில்லை.

காலக் கணக்கும் ஒரு நல்ல துப்புதான். கல்வெட்டில் அரசர் பெயராக இருப்பது ‘இராசகேசரி’, ஆட்சியாண்டு 2. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றிப் பூண்டார்கள். சுந்தர சோழன் இராசகேசரி. ஆதித்த கரிகாலன் பரகேசரி. உத்தம சோழனும் பரகேசரி. இராசராசன் மறுபடி இராசகேசரி. சுந்தர சோழனின் இரண்டாம் ஆண்டில் கரிகாலன் உயிரோடு இருக்கிறான், பாண்டியன் தலையும் விழவில்லை. ஆக மிஞ்சுவது இராசராசன். அவன் பட்டமேற்றது 985, எனவே இரண்டாம் ஆண்டு 986-87 அளவில். ‘திருமகள் போல’ என்று தொடங்கும் இராசராசனின் மெய்க்கீர்த்தி (அரசனின் புகழைச் சொல்லும் முகப்பு வரிகள்) எங்கே என்று தேட வேண்டாம். அது எட்டாம் ஆண்டு வாக்கில்தான் கல்வெட்டுகளில் ஏறுகிறது.

இந்தப் பட்டக் குழப்பத்தில்தான் புதிதாகக் கல்வெட்டு படிப்பவர்கள் வழுக்குவார்கள். ‘பரகேசரி’ என்று கண்டவுடன் உத்தமன் என்று எழுதிவிடுவார்கள். கரிகாலனுக்கும் அதே பட்டம் என்பதால், ‘பாண்டியன் தலைகொண்ட’ என்ற அடைமொழி கூட இருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

கொலைக்கும் இந்த ஓலைக்கும் இடையே ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள். அந்த இடைவெளியில் பெரும்பகுதி உத்தம சோழன் ஆட்சி. இங்கேதான் சந்தேகம் பிறந்தது. உத்தமன் காலத்தில் கொலையாளிகள் மீது கை வைக்கப்படவில்லை என்றால் அவனுக்கும் இதில் பங்குண்டோ என்று வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி ஐயப்பட்டார். இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசனின் ஆட்சியில் கோயில் காரியங்களை விசாரிக்கும் பொறுப்பில் இருந்தவன் என்பதையும் இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். அண்ணனைக் கொன்றவன் மகனுக்கு யாராவது அப்படி ஒரு பதவி கொடுப்பார்களா? என் ஓட்டு பண்டாரத்தார் பக்கம். நிலத்தைப் பற்றிய ஓலை பதினாறு ஆண்டு கழித்து எழுதப்பட்டது என்பதால், தண்டனையும் அதுவரை காத்திருந்தது என்று ஆகிவிடாது.

கல்வெட்டு சொல்லாதது நிறைய. எங்கே கொன்றார்கள், எப்படி, ஏன், கொன்றவர்கள் உயிர் என்ன ஆனது, ஒன்றும் இல்லை. கடம்பூர் மாளிகை, நந்தினி, வேட்டை மண்டபம், சுரங்கவழி எல்லாம் கல்கி கொடுத்தவை. கொன்றவர்களின் தொழிலையும் அவர் மாற்றிவிட்டார். பிரம்மாதிராஜன் என்பது அந்தண அதிகாரிகளுக்கு அரசு தரும் உயர்ந்த பட்டம். நாவலில் ரவிதாசன் ஆந்தை போல் கத்தும் மந்திரவாதி, பாண்டியனின் ஆபத்துதவி (உயிரைக் கொடுத்தும் அரசனைக் காக்கச் சபதம் செய்த மெய்க்காவலன்). ‘பஞ்சவன்’ என்பது பாண்டியனைக் குறிப்பதால் இவர்கள் பாண்டியன் ஆட்கள் என்று வாதிடுவோர் உண்டு. அவசரப்படக் கூடாது. இராசராசனின் தேவியருள் ஒருத்தி பெயரே பஞ்சவன் மாதேவி. தம்பி பரமேசுவரனின் பட்டமோ ‘இருமுடிச்சோழ’ என்று சோழனைச் சொல்கிறது. உள்ளே இருந்த அதிகாரிகளே கொன்றார்கள் என்பது மந்திரவாதியைவிட எவ்வளவு பயங்கரம்! கல்கி அந்த வழியை விட்டது எனக்கு எப்போதும் ஒரு சிறு குறைதான்.

ஆனால் மர்மக் கதையாக அவர் செய்த வேலை அபாரம். ஒரே நாவலில் இரண்டு சதிகளை ஓட்டுகிறார். ஆறாம் அத்தியாயத்தில் சிற்றரசர்கள் கூடுவது சுந்தர சோழனின் பெரியப்பா மகன் மதுராந்தகனைச் சிங்காதனத்தில் ஏற்ற. இருபதாம் அத்தியாயத்தில் திருப்புறம்பியம் பள்ளிப்படையில் (அரசனின் சமாதிக் கோயில்) கூடும் கூட்டத்துக்கு வேண்டியது பாண்டியன் தலைக்குப் பழிக்குப் பழி. முதல் சதி ஆரவாரமானது, பெரிய பெரிய மீசைகள் அதில் இருக்கின்றன. இரண்டாவது அதன் நிழலில் நகர்கிறது. வாசகர் பழுவேட்டரையரைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது ரவிதாசன் வேலையை முடித்துவிடுகிறான். அல்லது முடிக்கிறானா? கடைசிப் பாகத்தில் அந்த அறை இருளில் மூழ்கிவிடுகிறது. எந்தக் கை, எந்தக் கத்தி என்பதைக் கல்கி கடைசிவரை பூசி மெழுகிவிட்டே போகிறார். வந்தியத்தேவன் சிறைக்குப் போகிறான், பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். ஏமாற்றம் என்று சிலர் சொல்வார்கள். சாட்சி இல்லாத ஒரு கொலையில் இதற்கு மேல் சொன்னால் அது பொய் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பது என் கட்சி.

இரண்டாம் முறை படிப்பவர்களுக்கு ஒரு வழி. ஒரு நோட்டில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: அத்தியாயம், யார் என்ன சொன்னார், ஒளிந்திருந்து கேட்டவர் யார், கேட்டவர் அதை யாரிடம் சொன்னார் அல்லது மறைத்தார். இந்த நாவல் ஓடுவதே ஒட்டுக்கேட்பில்தான். கடம்பூரில் வந்தியத்தேவன் கேட்கிறான், மதில் மேல் ஆழ்வார்க்கடியான் தலை தெரிகிறது. பள்ளிப்படையில் ஆழ்வார்க்கடியான் கேட்கிறான். நான்காம் கட்டத்தை நிரப்பும்போதுதான் கொலையைத் தடுத்திருக்கக்கூடிய சேதி எங்கே தேங்கி நின்றது என்று பிடிபடும். பெயர்களுக்குத் தனிப் பக்கம் வேண்டும். அதில் நிஜம், கற்பனை என்று குறியுங்கள். வந்தியத்தேவன் நிஜம், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை அவர் தேவி என்கிறது. அன்பில் அநிருத்தர் நிஜம். நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி, சேந்தன் அமுதன் கற்பனை.

இன்னொன்று. இது 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர். முன்கதையை மறுபடி சொல்லும் பத்திகள் வாரப் பத்திரிகை வாசகருக்காக எழுதப்பட்டவை. ஒரே மூச்சில் படிப்பவர்கள் அலுத்துப்போய் அங்கே இரண்டு பக்கம் தாவுவார்கள். தாவாதீர்கள். ஒரு சேதியைத் திரும்பச் சொல்லும்போது கல்கி சில சமயம் புதிதாக ஒரு வரியைச் செருகிவிடுவார். நாட்டுடைமையான நூல் என்பதால் பதிப்புகள் பல. வாங்கும் முன் அடிக்குறிப்புகள் இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள். சரித்திர ஆதாரங்களைக் கல்கி கோத்து வைத்திருப்பது பல இடங்களில் அங்கேதான். சுருக்கப் பதிப்பு வேண்டவே வேண்டாம், சுருக்குபவர் முதலில் கத்தி வைப்பது குரவைக்கூத்து மாதிரி இடங்களில்தான் இருக்கும்.