புரட்டாசியில் இறங்கிய எண்

போன வருடம் புரட்டாசி முடியும் நேரத்தில் என் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண், 1.6 என்று வந்தது. எனக்கு அது 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ரத்தம் சீக்கிரம் கட்டிக்கொள்ளும்.

சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் என் இதயத்தில் உள்ள மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் இருப்பது மெக்கானிக்கல் வால்வு, செயற்கையானது. ராத்திரி வீடு அடங்கியதும் அது டிக் டிக் என்று அடிப்பது என் வீட்டுக்காரருக்கும் கேட்கும். அந்த வால்வில் ரத்தம் கட்டிக்கொண்டு, கட்டி மூளைக்குப் போய்விட்டால் பக்கவாதம். அதனால்தான் தினமும் ராத்திரி வார்ஃபரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை.

மாத்திரை ஒரு நாள்கூட விட்டதில்லை. பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி, பினாங்குப் பொது மருத்துவமனை வார்ஃபரின் கிளினிக்குக்குப் போய் விரலைக் குத்திப் பார்த்தால் 1.6. எனக்குக் கை நடுங்கிவிட்டது. மருந்தாளர் ஒரு மலாய்ப் பெண். என்னை "சிக்கு" (மலாயில் டீச்சர்) என்றுதான் கூப்பிடுவார். சாப்பாட்டைப் பற்றித்தான் முதலில் கேட்டார். அப்போதுதான் உறைத்தது. புரட்டாசி முழுக்கச் சைவம். கொல்லையில் முருங்கை தழைத்து நின்றது, தினமும் கீரைப் பொரியல். சந்தையில் வாங்கிய வல்லாரைத் துவையல் வேறு.

ரத்தம் உறையத் தேவையான சில பொருள்களைக் கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத்தான் செய்கிறது. வார்ஃபரின் அந்த வேலையைத் தடுக்கிறது. கீரையில் அந்த வைட்டமின் நிறைய. நான் ஒரு பக்கம் மாத்திரை போட்டு, மறு பக்கம் அதற்கு எதிரானதைத் தட்டு நிறையச் சாப்பிட்டிருக்கிறேன்.

"அப்படியென்றால் கீரையை விட்டுவிடட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வாரத்தில் இரண்டு நாள் என்றால் எப்போதும் இரண்டு நாள், ஏறக்குறைய அதே அளவு. அதற்கேற்ப மாத்திரையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதைத்தான் எல்லாரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நம் ஆட்களில் பலர் பயந்துபோய்க் கீரையை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் என்றாவது ஒரு விருந்தில் சாப்பிட்டால் எண் தடுமாறும்.

டாக்டரிடம் கேட்டு அளவைக் கூட்டினார்கள், ஒரு வாரத்தில் மறுபடி வரச் சொன்னார்கள். இன்று மாற்றிய அளவு ரத்தத்தில் தெரிய இரண்டு மூன்று நாளாவது ஆகும். நாமாகக் கூட்டிக் குறைத்தால் எண் மேலே போய் ரத்தக் கசிவில் முடியலாம். மூட்டு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்குவதும் அப்படித்தான், கேட்காமல் வாங்கவே கூடாது.

ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகள் இருக்கிறதே என்று தங்கை கேட்டாள். அவை மெக்கானிக்கல் வால்வுக்கு ஆகாது. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை இந்த வால்வு வைத்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கட்டிகளும் ரத்தக் கசிவும் வார்ஃபரினைவிட அதிகமாக வந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2013-இல் அதன் முடிவு வெளியானது.

இந்த வருடம் புரட்டாசி பிறப்பதற்கு முன்பே கிளினிக்கில் சொல்லிவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் முருங்கை, மற்ற நாள்களில் பூசணி, பீர்க்கங்காய். மூன்றாவது சனிக்கிழமை கழித்துப் பார்த்தபோது 2.8.