0.33 கிரெடிட்டுக்காக ஆறு மாதம் அலைந்த கதை

போன வாரம்தான் என் பட்டக் கணக்கில் (பட்டத்துக்கு எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் பட்டியல்) மிச்சமிருந்த சிவப்புக் கட்டம் பச்சையானது. ஆகஸ்டில் வந்து சேர்ந்தவனுக்குப் பிப்ரவரியில்தான் மூச்சு வந்தது. படிப்பின் நடுவில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாறுகிறவர்கள் நான் போட்ட நடையைப் போடாமல் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

விண்ணப்பம், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், விடுதி எதிலும் சொல்லிக்கொள்ளும்படி சிக்கல் இல்லை. “உங்கள் கிரெடிட்டுகள் அனைத்தும் ஏற்கப்பட்டன” என்று கடிதம் வந்ததும் துள்ளிக் குதித்தேன். அங்கேதான் ஏமாந்தேன். கிரெடிட்டை, அதாவது படித்து முடித்த பாடத்துக்குத் தரும் மதிப்பலகை, ஏற்பது வேறு, அது எந்தக் கட்டத்தில் போய் உட்காருகிறது என்பது வேறு. என்னுடைய எட்டுப் பாடங்களைப் ‘பொது விருப்பப் பாடம்’ என்ற மூட்டைக்குள் தள்ளிவிட்டார்கள். மொத்த எண்ணிக்கைக்கு அவை உதவும். கட்டாயப் பாடம் எதையும் தீர்க்காது.

இங்கே கட்டாயத்தில் இரண்டு இறையியல், இரண்டு மெய்யியல். கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இப்படி ஏதோ ஒன்று இருக்கும். எண்ணிக்கை மட்டும் மாறும். நான் முன்பே ‘உலகச் சமயங்கள்’, ‘அறவியல்’ இரண்டும் படித்தவன். இறையியலில் ஒன்று, மெய்யியலில் ஒன்று கழிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இரண்டுமே கழியவில்லை.

அறவியல் விழுந்த காரணம்தான் வயிற்றெரிச்சல். என் பழைய கல்லூரி குவார்ட்டர் முறை, பருவத்துக்குப் பத்து வாரம்; இது செமஸ்டர் முறை, பதினைந்து வாரம். குவார்ட்டர் கிரெடிட்டை மூன்றில் இரண்டு பங்காக்கினால் செமஸ்டர் கிரெடிட். நான்கு கிரெடிட் பாடம் 2.67 ஆனது. இங்கே தேவை 3. குறைவது 0.33.

பதிவாளர் அலுவலகத்தில் இருந்த அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “பாடம் பொருந்துகிறதா என்பதைத் துறைதான் சொல்லணும்.” துறைக்குப் போனேன். “பாடம் பொருந்துகிறது. எண் குறைகிறதே, அதைப் பதிவாளர் அலுவலகம்தான் பார்க்கணும்.” மூன்று சுற்று இப்படியே. மூன்றாவது சுற்றில்தான் ஒருவர் போகிற போக்கில், “பாடத்திட்டம் கொண்டுவந்தீர்களா?” என்றார். பாடத்தின் பெயரும் மதிப்பெண்ணும் போதும் என்று நினைத்திருந்தேன். வாராவாரம் என்ன வாசித்தோம், எத்தனை பக்கம் எழுதினோம் என்பதெல்லாம் இருக்கிற முழுப் பாடத்திட்டம் வேண்டுமாம். பழைய கல்லூரியின் இணையக் கணக்கு அதற்குள் மூடப்பட்டிருந்தது. பழைய ஆசிரியருக்கு இரண்டு முறை எழுதிக் கெஞ்சித்தான் வாங்கினேன். கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன் எல்லாப் பாடத்திட்டத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஓவியப் பாடம் உட்பட.

சரி, கையில் காகிதம் வந்துவிட்டது என்று கிளம்பினால் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. அன்று டிசம்பர் 8, அமல உற்பவப் பெருவிழா. எனக்கு அப்படி ஒரு நாள் இருப்பதே தெரியாது. இயேசு கருவான நாள் என்று நானாகவே முடிவுகட்டி, “8-ஆம் தேதி கருவாகி 25-ஆம் தேதி எப்படிப் பிறப்பார்?” என்று அறைத் தோழனிடம் கேட்டேன். அவன் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. அது மரியா, தன் தாயின் வயிற்றில் ஜென்மப் பாவம் (ஆதாம், ஏவாளிடமிருந்து மனிதர் எல்லோருக்கும் வருவதாகச் சொல்லும் பாவம்) இல்லாமல் கருவான நாளாம். மரியாவின் பிறந்த நாள் செப்டம்பர் 8. சரியாக ஒன்பது மாதம். பல்கலைக்கழக நாள்காட்டியில் விழா நாட்களை முதல் வாரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். புனித வெள்ளியை எல்லோருக்கும் தெரியும். மாட்டிவிடுவது இந்த மாதிரி நாட்கள்தான்.

உலகச் சமயங்களுக்கும் ஒரு மனு போட்டேன். அது தோற்றது. இறையியல் துறையில் ஒரு பாதிரியார் உட்காரவைத்து விளக்கினார்: சமயங்களை வெளியே நின்று விவரிப்பது சமயவியல், நம்பிக்கை தன்னைத்தானே அறிவால் துருவிப் பார்ப்பது இறையியல். 11-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் ஆன்செல்ம் இதைத்தான் ‘விளக்கம் தேடும் நம்பிக்கை’ என்றாராம். கோபமாகத்தான் வெளியே வந்தேன். ஆனால் அந்த மனிதர் ஒருவர்தான் எனக்குக் காரணம் சொல்லி மறுத்தவர்.

ஆக, இறையியல் இரண்டையும் இங்கேயே படிக்க வேண்டியதாயிற்று. நான் கிறிஸ்தவன் இல்லை. வகுப்பில் சிலுவை தொங்கும், சில ஆசிரியர்கள் ஜெபத்தோடு தொடங்குவார்கள். சும்மா உட்கார்ந்திருந்தேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பழங்காலத் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தினாரை மறுத்து எழுதிய கட்டுரைக்குத்தான் எனக்கு நல்ல மதிப்பெண் வந்தது. ஞாயிறு இரவுத் திருப்பலிக்கு (கோவில் வழிபாட்டுக்கு) ஒருமுறை போனேன். பக்தி இல்லை. விடுதியே அங்கே போய்விட்டதால் பேச ஆள் இல்லை. இரண்டாம் ஆண்டு முடித்து வருகிறவனுக்கு நண்பர் கூட்டம் எல்லாம் ஏற்கெனவே கட்டி முடிந்திருக்கும். எனக்கு முதல் நண்பர்கள் கிடைத்தது அன்றைக்கு வாசலில் நின்ற அரட்டையில்தான்.

அந்த இறையியல் வகுப்பே என் அறவியல் மனுவையும் காப்பாற்றியது. இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினா தன் பெரிய இறையியல் நூலில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிராளியின் வாதத்தைத்தான் முதலில் அடுக்குவார். அப்புறம் தன் பதில். அப்புறம் ஒவ்வொரு மறுப்பாக எடுத்து உடைப்பார். அறவியல் மனுவை அப்படியே எழுதினேன். முதல் மறுப்பு: 2.67 என்பது 3-ஐ விடக் குறைவு. உண்மை, குறைவுதான். வாரம் 4 மணி வீதம் 10 வாரம் உட்கார்ந்தால் 40 மணி, 3 மணி வீதம் 15 வாரம் என்றால் 45. ஆனால் கட்டாயத் தேவை என்பது பாடப்பொருளைப் பற்றியது. அது பொருந்துவதாகத் துறையே சொல்லிவிட்டது. குறைகிற 0.33-ஐ என் விருப்பப் பாட மூட்டையில் உபரியாகக் கிடப்பதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பாடத்திட்டத்தையும், துறை மின்னஞ்சலில் தந்த ஒப்புதலையும் சேர்த்துக் கொடுத்தேன். வாய்வார்த்தையாக மட்டும் சொன்னவர்கள் யாரும் அடுத்த முறை அதை நினைவில் வைத்திருக்கவில்லை. எதையும் எழுத்தில் வாங்குங்கள்.

முடிவு கேட்கப் போன நாள் திருநீற்றுப் புதன், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் நாள். போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் இட்டுக்கொண்டு பாதி வளாகம் நடந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அதே அம்மா, அவர் நெற்றியிலும் சாம்பல். இந்த முறை நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த 0.33 நீங்கள்தானே?”

“ஆமாம்.”

“ஒத்துக்கொண்டார்கள். நாளைக்கு மாறிவிடும்.”

மாற இரண்டு நாள் ஆனது.