செப்புத் தகட்டில் டச்சுக் கப்பல்: பாய் புடைத்துவிட்டது

செப்புத் தகட்டில் உளியால் கோடு வெட்டி, மை பூசிக் காகிதத்தில் அச்செடுக்கும் வேலை இது. சோதனை அச்சில் நடுப் பாய்மரத்துப் பெரிய பாய் காற்று நிரம்பி நிற்கிறது. இந்தத் தகட்டிலேயே எனக்குப் பெருமையான பகுதி இதுதான்.

17ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமில் ஒரு கருத்தைப் படச் சின்னமும் கவிதையுமாகச் சொன்ன நூல்களில் வரும் கப்பல் இது. யான் கிருல் எழுதிய ‘மின்னே-பேல்டன்’ நூலில் காதல்தான் கடல், காதலன் அதில் போகும் கப்பல். டச்சு ஓவியர் வெர்மீரின் ‘காதல் கடிதம்’ ஓவியத்தில் சுவரில் தொங்கும் அமைதியான கடலை நல்ல சேதி என்று ஆய்வாளர்கள் சொல்வதும் இந்த மரபை வைத்துத்தான். பாய் தொய்ந்தால் சேதியே மாறிவிடும்.

புடைப்பு முழுக்கக் கோட்டின் தடிமனில் இருக்கிறது. வெளிச்சம் விழும் பக்கம் முடி போல மெல்லியதாகத் தொடங்கி, நிழல் பக்கம் தடித்து, ஓரத்தில் மீண்டும் மெலிய வேண்டும். பூரின் எனப்படும் செதுக்கு உளியின் பிடியை இம்மியளவு உயர்த்தினால் முனை ஆழமாக இறங்கும்; தாழ்த்தினால் மேலே வந்துவிடும். வளைவுக்குக் கையைத் திருப்பக் கூடாது, மணல் நிரப்பிய தோல் பையின் மேல் தகட்டைத்தான் சுழற்ற வேண்டும். கோட்டின் கடைசி மெலிவுக்குத் தகட்டைத் திருப்பி, எதிர்முனையிலிருந்து வெட்டிச் சேர்ப்பது நல்லது. இரண்டாம் வரிசைக் கோடுகள் 20–30 பாகைச் சாய்வில் குறுக்கிட்டால் துணி வளைகிறது. 90 பாகையில் வெட்டினால் வலை போலத் தட்டையாகிவிடும். ஹார்லெம் நகரின் செதுக்கோவியர் கோல்ட்சியுஸின் அச்சுகளை உருப்பெருக்கியில் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

கயிற்றேணிகளில் முதலில் நெடுக்குக் கயிறுகள். வெட்டும்போது ஓரத்தில் எழும் செம்புப் பிசிறைச் சுரண்டியால் எடுத்த பிறகே படிகளை வெட்ட வேண்டும், இல்லையென்றால் உளி தடுக்கி வழுக்கும். கோடுகளின் இடைவெளி மிகவும் குறைந்துபோனால் நடுவில் உள்ள செம்பு உடைந்து, அச்சில் கருப்புத் திட்டாகிவிடும்.

கொடி விஷயத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். பின்காற்றில் ஓடும் கப்பலின் கொடி முன்பக்கம்தான் பறக்கும். அச்சில் இடவலம் மாறும் என்பதால் கண்ணாடியில் பார்த்தே வரையுங்கள்.

தகடு வாங்கும்போது கத்தரியால் நறுக்கியதை வாங்காதீர்கள். ஓரம் வளைந்திருக்கும், அதைச் சாய்வாகத் தேய்த்து முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். ரம்பத்தில் அறுத்துத் தரச் சொல்லுங்கள், 1 மி.மீ. போதும்.

அடுத்தது ‘கரையில் கிடக்கும் கப்பல், கடலுக்கு எச்சரிக்கைக் குறி’ என்ற டச்சுப் பழமொழிக்கு ஒரு தகடு. அதில் பாய் கிழிந்து தொங்க வேண்டும், கோடு வேறு மாதிரி. அதற்கு முன் இதில் அலைகள் பாக்கி.