எண்ணெய்க் குழாய் அறிக்கைக்குக் கருத்து எழுதிக் கொடுத்தோம்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துச் சுங்கை பாக்காப் பக்கத்தில் பழைய தோட்டத்து மாரியம்மன் கோவில் ஒன்று இருக்கிறது. தோட்டம் கைமாறிப் போய்விட்டது, லயத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது கோவில், அதை ஒட்டிய பதினெட்டுக் குடும்பம், பின்னால் ஓடும் பாரிட், அதாவது வடிகால் வாய்க்கால். பெரியப்பாதான் கோவிலைப் பார்த்துக்கொள்கிறார். நான் சிம்பாங் அம்பாட்டில் குடியிருக்கிறேன், லோரி கம்பெனியில் கெராணி, அதாவது குமாஸ்தா வேலை. சட்டம் படித்தவள் இல்லை. எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை. இதைச் செய்ய எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் மலாயில் ஒழுங்காகக் கடிதம் எழுதுவது மட்டும்தான். அதனால் உங்களாலும் முடியும் என்ற நம்பிக்கையில் நடந்ததை எழுதுகிறேன்.

போன வருடம் தம்பி மகன் ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்பினான். "அத்தை, இது நம்ம கோவில் பக்கமா பாருங்க" என்று ஒரு வரி. பெட்ரோலும் டீசலும் கொண்டுபோகும் நிலத்தடிக் குழாய் போட முன்மொழிந்திருக்கிறார்கள், அதன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை இன்னின்ன இடங்களில் பார்வைக்கு இருக்கிறது, பொதுமக்கள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம் என்று மலாயில் போட்டிருந்தது. கடைசித் தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது.

எங்கள் பக்கத்துக்கு எண்ணெய்க் குழாய்ப் பேச்சு புதிதில்லை. மலாக்கா, போர்ட்டிக்சனிலிருந்து கெடா ஜித்ரா வரைக்கும் 600 கிலோமீட்டருக்கு ஒரு குழாய் வருவதாக இருந்து, 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு நிறுத்தப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அதனால்தானோ என்னவோ, நான் இதைச் சொன்னபோது பாதிப் பேர் "அதுவும் நின்னுச்சு, இதுவும் நின்னுடும்" என்றார்கள். மறுபாதிப் பேருக்கு 2025 ஏப்ரல் 1ஆம் தேதி புத்ரா ஹைட்ஸில் எரிந்த தீதான் கண்ணில் நின்றது. அது எரிவாயுக் குழாய், இது எண்ணெய்க் குழாய், இரண்டின் ஆபத்தும் ஒன்றல்ல. ஆனால் ஹரி ராயா விடுமுறை நாளில் வீட்டை விட்டு ஓடிய அந்த மக்களை டிவியில் பார்த்தவர்களிடம் இந்த வித்தியாசத்தைப் பேசி ஆகப்போவதில்லை. நானும் பயந்துதான் இருந்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34ஏ பிரிவுப்படி, அரசாணையில் குறிப்பிட்டிருக்கும் வகைத் திட்டங்கள் மதிப்பீட்டு அறிக்கை கொடுத்து, சுற்றுச்சூழல் துறைத் தலைமை இயக்குநரின் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்க முடியும். 1988 ஏப்ரலிலிருந்து இந்த நடைமுறை இருக்கிறது. இப்போதுள்ள அரசாணை 2015 ஆகஸ்ட் 28இல் நடப்புக்கு வந்தது. அது திட்டங்களை இரண்டு அட்டவணையாகப் பிரிக்கிறது. இரண்டாம் அட்டவணையில் வருகிறவற்றின் அறிக்கை மக்கள் பார்வைக்கு வந்தே ஆக வேண்டும். இந்த அறிக்கையில் எழுதியிருப்பதற்கு எவ்வளவு கனம் உண்டு என்பது பினாங்குக்காரர்களுக்குத் தெரியும். தீவின் தென்பகுதிக் கடல் நிலமீட்புக்குக் கிடைத்த ஒப்புதலை, மீனவர்கள் மேல்முறையீடு செய்து 2021 செப்டம்பரில் ரத்தாக்கினார்கள். 2023இல் புதிய அறிக்கைக்கு ஒப்புதல் கிடைத்தது பிறகு நடந்தது.

விளம்பரத்தில் இருந்த இடங்களில் எனக்கு வசதிப்பட்டது செபராங் ஜெயா பொது நூலகம். சனிக்கிழமை காலை போனேன். மேசை மேல் தடித்தடியாக மூன்று தொகுதி. முதல் ஒரு மணி நேரம் எதுவும் மண்டையில் ஏறவில்லை. சுருக்கத்தை வாசித்தால் எல்லாம் சரியாக இருப்பது மாதிரியே இருக்கிறது. "தாக்கம் குறைவு", "கட்டுப்படுத்தக்கூடியது" என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அப்புறம்தான் வரைபடத்தைத் தேடி எடுத்தேன். நீங்கள் போனால் முதலில் வரைபடத்தைப் பிரியுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு இடத்தில், ஒரு பாலத்திலோ பள்ளியிலோ விரலை வைத்து, அங்கிருந்து கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

நான் கோவில் பாரிட்டில் விரலை வைத்தேன். கோடு அதைக் கடக்கிற இடம் கோவிலிலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இல்லை, கடல் பக்கமாக. வரைபடத்தில் ஒரு நீல அம்பு போட்டு, தண்ணீர் மேற்கே கடலுக்குப் போகிறது என்று காட்டியிருந்தார்கள். இப்போதுள்ள சூழலைப் பற்றிய அத்தியாயத்திலும் அதையேதான் எழுதியிருந்தது. எண்ணெய் கசிந்தால் அது ஓட்டத்தோடு கடல் பக்கம் போகும், கீழே தடுப்பு மிதவை போட்டு மறித்துவிடலாம், மேலே இருக்கும் குடியிருப்புக்குப் பாதிப்பில்லை என்பது அவர்கள் முடிவு. சோதனைக்கான தண்ணீர் மாதிரியை ஒரே ஒரு நாளில் எடுத்திருந்தார்கள். தேதியைக் குறித்துக்கொண்டேன். என்னமோ இடித்தது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை.

அன்று சாயங்காலமே பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் நீல அம்பைப் பற்றிக் கேட்டுவிட்டு, "யாரு சொன்னது கடலுக்குப் போகுதுன்னு? பாதி நாளு நம்மகிட்டதானே வருது" என்றார். சின்ன வயதிலிருந்து நானும் பார்த்ததுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும்போது பாரிட் தண்ணீர் நின்று, பிறகு மெல்லத் திரும்பி உள்ளே ஏறும். தேங்காய் மட்டையைப் போட்டால் கோவில் பக்கமாக மிதந்து வரும். அதோடு மழையும் சேர்ந்துவிட்டால் கோவில் வாசல்படி முழுகும். நாங்கள் அதில் விளையாடியிருக்கிறோம். ஒரு அறிக்கையில் விட்டுப்போகிற விஷயமாக அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பெரியப்பா உள்ளே போய் கோவில் கணக்கு நோட்டை எடுத்துவந்தார். நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு, முனையெல்லாம் கரையான் அரித்தது. எண்ணெய், கற்பூரம், பூ வாங்கிய கணக்குக்கு நடுவில் அங்கங்கே "தண்ணி ஏறிச்சு, இரண்டாம் படி", "தண்ணி ஏறிச்சு, சூலம் வரை" என்று தேதி போட்டு எழுதியிருந்தார். பன்னிரண்டு வருடத்தில் இருபத்து மூன்று குறிப்பு. சாமி பொருளை எப்போது மேலே எடுத்து வைத்தோம் என்ற கணக்குக்காக எழுதியதாம். பஞ்சாங்கத்தை வைத்து ஒத்துப் பார்த்தேன். இரண்டைத் தவிர மற்றதெல்லாம் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ மூன்று நாளுக்குள் வந்தது. அறிக்கைக்காகத் தண்ணீர் மாதிரி எடுத்த தேதியையும் பார்த்தேன். அன்று அஷ்டமி. ஏற்றம் மிகக் குறைவாக இருக்கிற நாள்.

நான் எழுதியதிலேயே முக்கியமானது இதுதான், எனவே கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். குழாய் வேண்டாம் என்று ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில் தவறில்லை, மக்கள் மனநிலையை அது காட்டும். ஆனால் அறிக்கையைப் பரிசீலிக்கிற அதிகாரி, அதை எழுதிய ஆலோசகரிடம் கேள்வி கேட்பதற்கு அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். "இந்தப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது, எங்கள் இடத்தில் இப்படி இல்லை, இதோ ஆதாரம்" என்பதை அங்கே வாழ்கிறவர் மட்டும்தான் கொடுக்க முடியும்.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். தம்பி மகனும் வந்தான். பகல் ஒன்றரை மணி வாக்கில் பாரிட்டின் மேல் இருக்கும் சின்னப் பாலத்தில் நின்று, ஆரஞ்சுப் பழத் தோலைத் தண்ணீரில் போட்டு, அது உள்ளே மிதந்து போவதை ஒரே ஷாட்டில் வீடியோ எடுத்தான். முதலில் கைக்கடிகாரத்தைக் காட்டி, பிறகு கோவில் கோபுரத்தைக் காட்டி, பிறகு தண்ணீரைக் காட்டச் சொன்னேன், இடமும் நேரமும் பற்றி யாரும் சந்தேகப்படக் கூடாது என்று.

கடிதம் மலாயில் இரண்டரைப் பக்கம். முதல் பத்தியில் திட்டத்தின் பெயர், நான் யார், எங்கே இருக்கிறேன். பிறகு மூன்று விஷயம் மட்டும். ஒன்று, பாரிட் திரும்புவது. இரண்டு, கோவிலுக்குப் பின்னால் கீரையும் வெண்டையும் போடுகிற ஐந்து குடும்பம் பாரிட் தண்ணீரைத்தான் இறைக்கிறார்கள், டீசல் படலம் மேலே மிதந்தாலும் பெட்ரோலில் இருக்கும் பென்சீன் தண்ணீரில் கரைந்து மண்ணுக்குள் போகும், அறிக்கையின் நிலப்பயன்பாட்டுப் பட்டியலில் இந்தத் தோட்டங்களே இல்லை. மூன்றாவது சுங்கை மூடா. விரல் கோட்டோடு போய் வடக்கே அந்த ஆற்றில் நின்றபோது எனக்குத் திக்கென்றது. பினாங்கின் கச்சா நீரில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் அந்த ஒரே ஆற்றிலிருந்து லஹார் தியாங்கில் எடுத்து சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் வால்வு மாற்ற நாலு நாள் தண்ணீரை நிறுத்தியபோதே நாங்கள் பட்ட பாடு தெரியும். அதனால் குழாய் ஆற்றை நீர் எடுக்கும் இடத்துக்கு மேலே கடக்கிறதா கீழே கடக்கிறதா, இரு கரையிலும் அடைப்பு வால்வு எத்தனை மீட்டரில் இருக்கிறது, கசிவு தெரிந்ததும் நீரேற்று நிலையத்துக்கு யார் எத்தனை நிமிடத்தில் சொல்வார்கள் என்று மூன்று கேள்வி எழுதினேன். திட்டினது ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்க எண் போட்டேன்.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் அலைந்தேன். கருத்து போக வேண்டியது புத்ராஜெயாவில் தலைமை இயக்குநருக்கு. விளம்பரத்தில் முகவரி இருக்கிறது, கணக்கில் வருவது அதுதான். ஆனால் நகல் போனால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். மாநில சுற்றுச்சூழல் அலுவலகம், வடிகால் நீர்ப்பாசனத் துறை, தென் செபராங் பிறை மாவட்ட நில அலுவலகம், பண்டார் பெர்டாவில் உள்ள மாநகர் மன்றம், எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர், கிராம நிர்வாக மன்றம் என்று ஏழு நகல். ஒரு கவுண்டரில் "இது கூட்டரசு விஷயம், எங்களுக்கு வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். "பதில் வேண்டாம் அக்கா, கிடைத்தது என்று மட்டும் ஒரு சாப்பு (முத்திரை) குத்துங்கள்" என்று பணிவாகக் கேட்டேன். அந்த அம்மா கடிதத்தைப் புரட்டி, வீடியோவிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "என் அம்மா வீடும் அந்தப் பக்கம்தான், அங்கேயும் தண்ணீர் ஏறும்" என்றார். சாப்பு குத்திக் கொடுத்தார். எல்லா நகலிலும் சாப்பு வாங்குங்கள். மின்னஞ்சலில் அனுப்பினாலும் கையில் ஒன்று கொடுங்கள். எனக்கு ஒரு மின்னஞ்சல் இணைப்பு பெரிதென்று திரும்பி வந்து, அதை நான் இரண்டு நாள் கவனிக்கவில்லை. மூலக் கடிதத்தைக் கூரியரில் அனுப்பியிருந்ததால் தப்பித்தேன்.

இன்னொன்று. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் இந்த வகை அறிக்கைகளைப் பல வருடமாக வாசித்துக் கருத்துச் சொல்லி வருகிறார்கள், இரண்டும் நம் ஊரில்தான் இருக்கின்றன. எனக்கு அது எல்லாம் முடிந்த பிறகுதான் உறைத்தது. நீங்கள் முதல் நாளே கேளுங்கள்.

கருத்து கிடைத்தது என்று இரண்டு வாரத்தில் ஒரு வரிப் பதில் வந்தது. பிறகு மூன்று மாதம் ஒன்றுமில்லை. சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர் மட்டும் ஒருமுறை போன் செய்து, நோட்டின் படம் தெளிவாக இல்லை, மறுபடி அனுப்ப முடியுமா என்று கேட்டார். அனுப்பினேன்.

போன மாதம் அமாவாசைக்கு மறுநாள் பெரியப்பா போன் செய்தார். இரண்டு இளைஞர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்களாம், கூடுதல் விவரம் கேட்டு அறிக்கை திரும்பி வந்திருக்கிறது என்றார்களாம். அந்தச் சின்னப் பாலத்தில் அளவுகோல் கட்டி, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுகிறார்களாம். "நோட்டைக் கேட்டாங்கம்மா. கொடுக்கலாமா?" என்றார். படம் எடுத்துக்கொள்ளட்டும், நோட்டு கோவிலை விட்டுப் போக வேண்டாம் என்றேன். ஒப்புதலா மறுப்பா என்று இன்னும் தெரியவில்லை. அன்று தண்ணீர் இரண்டாம் படி வரை ஏறியது. அவர்கள் காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள் என்று பெரியப்பா சொன்னார். தேதி போட்டு அதையும் நோட்டில் எழுதிவிட்டார்.